ஒரு ஆளைக் கொடுத்துவிட்டுப் போங்கள்

நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு தூரம் வந்து வேலை பார்க்க விரும்புகிறீர்கள்?" என்பதுதான். செல்போன் திரையில் ஒரு அம்மாள், தலையில் முக்காடும் முகத்தில் சிரிப்புமாக, ஆங்கிலத்தில் கேட்டார். புதிய பண்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும், பல நாட்டு ஆசிரியர்களோடு பழக வேண்டும், உலகத் தரத்தில் கணிதம் கற்பிக்க வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தேன். ஏஜென்சிக்காரர் வாட்சப்பில் அனுப்பியிருந்த பதில்கள். மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். 'புரிஞ்சு படிங்கடா, மனப்பாடம் பண்ணாதீங்கடா' என்று பதினோரு வருஷமாகப் பத்தாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

உண்மையைச் சொல்லச் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். நாற்காலி.

எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும் என்பது தாளாளர் ஆத்மநாதனின் ஆராய்ச்சி முடிவு. காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடியும் வரை நிற்க வேண்டும். நிற்கிறோமா என்று பார்க்க வகுப்புக்கு ஒரு கேமரா வேறு. மாலத்தீவுப் பள்ளியின் படங்களை ஏஜென்சி அனுப்பியபோது நான் கடலைப் பார்க்கவில்லை. வெள்ளை மணலைப் பார்க்கவில்லை. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசையும், மேசைக்குப் பின்னால் ஒரு நீல நாற்காலியும் இருந்தன. அதைத்தான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நாற்காலிக்காக ஒருத்தி நாடு விட்டுப் போவாளா என்று கேட்கலாம். மே மாத வெயிலில் எங்களோடு பிள்ளை பிடிக்க வந்துவிட்டுக் கேளுங்கள். அதற்கு 'அட்மிஷன் கேன்வாஸ்' என்று கௌரவமான பெயர் உண்டு. இரண்டிரண்டு பேராக நோட்டீசைத் தூக்கிக்கொண்டு அன்னவாசலைச் சுற்றியிருக்கும் ஊர்களிலெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவோம். ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும். எம்.எஸ்சி., பி.எட். படித்து, அரசாங்கத்தின் தகுதித் தேர்விலும் தேறி, வேலைக்கான உத்தரவு இன்று வரும் நாளை வரும் என்று பன்னிரண்டு வருஷமாகப் போஸ்ட்மேனை எதிர்பார்க்கிறவள், அடுத்தவர் வாசலில் நின்று, "ஒங்க வீட்ல எல்.கே.ஜி. சேக்குற வயசுல புள்ள இருக்காங்களாம்மா?" என்று பல்லைக் காட்டிக் கேட்பேன். பாதி வீடுகளில் நாய்தான் பதில் சொல்லும்.

வீட்டில் என் கணவர் திருமுருகன். குவைத்தில் எட்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு ஊர் திரும்பினார். இப்போது கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. பள்ளியில் உட்காரக் கூடாத நானும், வீட்டில் உட்கார முடியாத அவருமாகக் குடும்பம் நடக்கிறது. வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொன்னபோது, கட்டிலில் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நா போயி ஒடஞ்சு வந்தேன். நீ போயி நல்லபடியா வா" என்றார். "ஹரிணிய நா பாத்துக்கிறேன்." ஹரிணி எங்கள் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

இதற்குமேல் என்ன தடை என்று நினைப்பீர்கள். இருந்தது. பச்சை நிறத்தில், ஆறடி உயரத்தில், தாளாளர் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றது. அந்தப் பள்ளியில் நாற்காலி இருந்ததும் அந்த அறையில் மட்டும்தான்.

வேலைக்குச் சேருகிற அன்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பட்டம் வரை எல்லா ஒரிஜினல்களையும் கொடுத்துவிட வேண்டும். அவை அந்தப் பச்சைப் பீரோவுக்குள் போய்விடும். இருபத்து மூன்று ஆசிரியர்களின் படிப்பு மொத்தமும் அதற்குள் இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில், விபூதிப் பொட்டலத்தோடு. கொடுத்ததற்கு ரசீது கிடையாது. சரஸ்வதி பூஜையன்று மட்டும் பீரோ திறக்கும். எங்கள் ஃபைல்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அவரவர் ஃபைலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். திறக்கக் கூடாது. அப்புறம் மறுபடி உள்ளே போய்விடும். என்னுடைய பட்டத்தை நான் வருஷத்துக்கு ஒரு தடவை கும்பிட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மாலத்தீவுக்கு அந்த ஒரிஜினல்கள் வேண்டும். சென்னையில் அவை அசல்தான் என்று அட்டஸ்டேஷன் முத்திரை வாங்கி இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும். ஏழாம் தேதி காலை பிரேயர் முடிந்ததும் தாளாளர் அறைக்குப் போனேன்.

ஆத்மநாதன் கோபப்படுகிற மனிதர் இல்லை. கோபப்பட்டால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். அவர் முகம் எப்போதும் கோயில் பிரசாதம் கொடுப்பவருடைய முகமாகவே இருக்கும்.

"போகக் கூடாதுன்னு நான் சொல்லுவேனா டீச்சர்? நீங்க எம் மக மாதிரி. ஆனா பத்தாம் வகுப்புப் புள்ளைகள நடுத்தெருவுல விட்டுட்டுப் போறீங்களே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வேற டீச்சர் போட்டுக்கிரலாமே சார்."

"மேத்ஸுக்கு எங்கேருந்து ஆளு வரும்? நா ஒண்ணு சொல்றேன். ஒரு ஆளக் குடுத்துட்டுப் போங்க. அந்தப் புள்ளையோட ஒரிஜினல் உள்ள போற அன்னைக்கே ஒங்களோடது வெளிய வந்துரும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் கையெழுத்துப் போட்டுத் தந்துர்றேன். இது ஒங்களுக்காக மட்டுந்தான். வெளிய சொல்லிராதீங்க. அப்பறம் ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

எனக்காக மட்டும் என்றதும் முட்டாள் போல நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது. என் பட்டத்தை எனக்குக் கொடுக்க இவர் யார்? போலீசுக்குப் போகிறேன், கலெக்டரிடம் மனு கொடுக்கிறேன் என்று அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினேன். திருமுருகன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சட்டம் பேசலாம். ஆனா தேதி போயிரும்" என்றார். "ஆளத் தேடு."

அவர் சொன்னதுதான் சரி. அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாரைத் தேடுவது? தெரிந்த கணக்கு டீச்சர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பீரோவுக்குள் இருந்தார்கள். இரண்டு நாள் யோசித்த பிறகு சரண்யா ஞாபகம் வந்தது. போன மே மாதம் கேன்வாஸ் போனபோது, அன்னவாசலுக்குத் தெற்கே ஒரு ஊரில், நாங்கள் கேட்காமலே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள். நோட்டீசை வாங்கி ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். பிறகு உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நானும் எம்.எஸ்சி. மேத்ஸ் பி.எட். தான் டீச்சர். எங்க மாமியாவுக்கு நான் வெளிய போறது புடிக்காது" என்றாள். அவளுடைய நம்பரை ஒரு நோட்டீசின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். எதற்கு எழுதினேன் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். என் வாய் தானாக வேலை செய்தது. பதினோரு வருஷம் பிள்ளை பிடித்துப் பழகிய வாய். வேன் வாசலுக்கே வரும், ஆம்பளை ஸ்டாஃப் அதிகம் இல்லை, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், சரண்யாவின் குழந்தையையும் எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்வார்கள் என்று மாமியாரிடம் அடுக்கினேன். ஸ்பெஷல் கிளாஸ் பற்றி மூச்சு விடவில்லை. நாற்காலி பற்றியும் சொல்லவில்லை. பீரோ பற்றி, "சர்டிபிகேட் எல்லாம் பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். மாமியார் வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "சரி, போய்ட்டு வரட்டும்" என்றார். சரண்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"டீச்சர், ஒங்கள சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அடைக்கலமேரி டீச்சர் ஞாபகமாகவே இருந்தது. மணமேல்குடிக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார். எட்டு மாதக் குழந்தை ஹரிணியோடு நான் வீட்டில் அடைந்து கிடந்தபோது, எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து, இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். நான் சேர்ந்த அன்று பள்ளிக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. தன் தட்டையும் என் பக்கம் நகர்த்திவிட்டார். ஒரு வாரத்தில் மாலத்தீவு போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவேன், அவர் கடல் படம் அனுப்புவார். கடற்கரையிலேயே பிறந்தவருக்கு அத்தனை தூரத்திலும் கடல்தானா என்று கேலி செய்வேன். ஏஜென்சி நம்பரைக் கொடுத்ததும் அவர்தான். நானும் இன்றைக்கு ஒருத்திக்கு அப்படி ஒரு உபகாரம் செய்திருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி நினைத்தால் பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. சரண்யா புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மார்போடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அணைத்துக்கொண்டு வந்தாள். ஃபைல் ஓரத்தில் அவளே சந்தனம் தொட்டு வைத்திருந்தாள். தாளாளர் அவளை ஆசீர்வதித்து, ஃபைலில் இருந்த ஒவ்வொரு தாளையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. எழுந்து பீரோவைத் திறந்தார். பதினோரு வருஷம் அடைந்து கிடந்த காகிதத்தின் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வந்தன. என் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். என் கை அதன் பக்கம் போனது.

"இருங்க டீச்சர், வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து" என்று நீளமான ஒரு நோட்டைப் பிரித்தார். இப்படி ஒரு நோட்டு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் சேர்ந்த வருஷத்துப் பக்கத்தைத் தேடி எடுத்து, என் பெயரின்மேல் விரலை வைத்தார்.

பொற்கொடி, கணிதம் என்று என் பெயர். சேர்ந்த தேதி. கொடுத்த சான்றிதழ்களின் எண்ணிக்கை. கடைசிக் கட்டத்தில் அவருடைய அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'அடைக்கலமேரிக்குப் பதில். அவர் ஒரிஜினல் இன்றே ஒப்படைக்கப்பட்டது.'

நான் இரண்டு தடவை வாசித்தேன். அதற்கு மேலே இருந்த வரியையும் வாசித்தேன். வேறு ஒரு பெயர், வேறு ஒருவருக்குப் பதில். அதற்கும் மேலே இன்னொன்று. எல்லோருக்கும் இது அவர்களுக்காக மட்டும் செய்த ஏற்பாடாகத்தான் இருந்திருக்கும். யாரும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லவில்லையே.

பதினோரு வருஷம். பதினோரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஜெபம் செய்கிற அந்த வாயால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? பஜ்ஜி எதற்கு வாங்கிக் கொடுத்தார் என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதே நிமிஷம், பக்கத்தில் மல்லிகைப் பூ வாசனையோடு நிற்கிற சரண்யாவைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடுவதற்கும் அந்த ஃபைல் வேண்டும்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி சரண்யாவின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தேன்.

"சரண்யா, நல்லாக் கேட்டுக்க. ஒன்னோட ஒரிஜினல் அந்த பீரோவுக்குள்ள போச்சுன்னா திரும்ப வராது. நீயா ஒரு ஆளக் கொண்டாந்து விட்டாத்தான் தருவாங்க. அதுவரைக்கும் வருசத்துக்கு ஒரு நா, சரஸ்வதி பூசைக்கு வெளிய எடுத்துக் காட்டுவாங்க. அம்புட்டுத்தான். உக்கார நாக்காலி கெடையாது. ராத்திரி ஏழு மணி ஆயிரும் வீட்டுக்குப் போக. ஒங்க மாமியாகிட்ட நா சொன்னதுல பாதி பொய். வேணாம்னா இப்பயே ஃபைல வாங்கிக்கிட்டுக் கெளம்பு. நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

சொல்லும்போதே, 'வேணாம்னு சொல்லிராதே, சொல்லிராதே' என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. அந்தக் குரலும் என்னுடையதுதான். மறைக்க விரும்பவில்லை.

சரண்யா மழையைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல என்னோட சர்டிபிகேட் எங்க இருந்துச்சு தெரியுமா டீச்சர்?" என்றாள். "எங்க மாமியா டிரங்குப் பெட்டியில, பூட்டிக் கெடந்துச்சு. அஞ்சு வருசம். இன்னைக்குக் காலையிலதான் தொட்டுப் பாத்தேன். இங்க வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் வெளிய எடுப்பாங்கல்ல?"

கதவு வழியாக அந்தப் பீரோவைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இது உள்ள. எனக்கு இது வெளிய" என்றாள். "நின்னுக்கிட்டே பாடம் நடத்துறேன் டீச்சர். இப்ப மட்டும் வீட்ல உக்காந்தா இருக்கேன்?"

அவளே முன்னால் நடந்து அறைக்குள் போனாள். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டு என் ஃபைலை எடுத்துக்கொண்டேன். புதுப் பக்கத்தில் சரண்யாவின் பெயரை எழுதி, கடைசிக் கட்டத்தில் தாளாளர் பொறுமையாக எழுதினார்: 'பொற்கொடிக்குப் பதில்.' பீரோவில் என் ஃபைல் இருந்த இடம் காலியாகவே இருந்தது. சரண்யாவின் ஃபைலை அதில் சொருகினார். அளவு சரியாக இருந்தது. சாவியைத் திருப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் விபூதி கொடுத்தார். நான் வாங்கிப் பூசிக்கொண்டேன்.

அவள் ஊருக்குப் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. எதிரே டீக்கடைக்குப் போனோம். மழைக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னையறியாமல் இரண்டு தட்டு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. சரண்யா சூட்டோடு ஊதி ஊதித் தின்றாள். நாளைக்கு எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். என் மடியில் என் பட்டம் இருந்தது. ஃபைலின் அட்டையில் பதினோரு பூஜையின் குங்குமம் காய்ந்து திட்டாக இருந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை.

கோபம் அடங்கவில்லை. யாரிடமாவது காட்டியாக வேண்டும். செல்போனை எடுத்துக் கடை ஓரத்துக்குப் போய் அடைக்கலமேரி டீச்சரைக் கூப்பிட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். என்னை வித்துட்டுத்தானே போனீங்க? அந்தப் பஜ்ஜி தொண்டையில எறங்காமத்தானே எங்கிட்ட தள்ளி விட்டீங்க? பதினோரு வருசம் எப்புடித் தூங்குனீங்க? அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். இன்டர்வெல் நேரம் போலிருக்கிறது.

"பொற்கொடியா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். பிறகு மெதுவாக, "ஆளு கெடச்சுருச்சா?" என்று கேட்டார்.

அவர் இந்தப் போனை எத்தனை வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"கெடச்சுருச்சு டீச்சர்" என்றேன்.

"நல்ல புள்ளையா?"

"நல்ல புள்ள டீச்சர்."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சரண்யா தன் பஜ்ஜியைத் தின்று முடித்திருந்தாள். "நீங்க திங்கலையா டீச்சர்?" என்று கேட்டாள். என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.